ஞாயிற்றுக்கிழமை லைனும் நான் மாற்றிய கார்டும்

என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்பில் கூப்பிடுவான். அவன் கோலாலம்பூரில் இருக்கிறான். நான் சுங்கை பினாங் ஃப்ளாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். லேப்டாப் அவன் கொடுத்ததுதான். தனக்குப் புதுசு வாங்கியபோது பழசை என்னிடம் தள்ளிவிட்டுப் போனான். தள்ளிவிட்டான் என்று அப்போது நான் சொல்லவில்லை, என் மகன் எனக்கு லேப்டாப் கொடுத்தான் என்றுதான் லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். எதை அமுக்கினால் அவன் முகம் வரும் என்பதற்குப் பச்சை ஸ்டிக்கர், எதை அமுக்கினால் போகும் என்பதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் எழுத்து கண்ணில் ஊர்ந்து போய்விடும். பச்சையும் சிவப்பும் போதுமானதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. கம்பனி பஸ் ஓட்டியவர். முதல் வருடத் திதிக்கு மகன் வந்து உட்கார்ந்து செய்தான். இரண்டாவது வருடம் கடைசி நேரத்தில் வேலை என்றான். அந்த வருடம் திதி கொடுக்காமலே போய்விட்டது. கோயிலுக்குப் போய் ஒரு விளக்கு போட்டுவிட்டு வந்தேன். அது எனக்கு ஆறவே இல்லை. மழையில் நனைந்து எல்லா வீட்டுப் பெண்களையும் வேலைக்குக் கொண்டுபோய் இறக்கின மனிதருக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இல்லாமல் போனதே என்று இருந்தது. இந்த வருடம் விடக்கூடாது, மூன்று மாதத்துக்கு முன்னாலேயே அவனிடம் கேட்டு ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

கேட்கத்தான் முடியவில்லை. லைன் அறுந்துபோகும்.

சாப்பிட்டியா, பேரப்பிள்ளை எங்கே, அங்கே மழையா என்று பேசுகிறவரை ஓடும். நடுவில் அவன் குரல் வாளிக்குள் இருந்து பேசுவதுபோல வரும், முகம் கட்டம் கட்டமாகும், பிறகு சரியாகும். "ஐயா, அப்பாவோட திதி..." என்று நான் ஆரம்பித்தால் அவன் முகம் அப்படியே நின்றுவிடும். வாய் பாதி திறந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் திரை கறுப்பாகும். பிறகு என் கைப்பேசிக்கு அவன் குரல் பதிவு வரும்.

"அம்மா, லைன் கட்டு லா. உங்க லேப்டாப்பு ரொம்ப ஓல்டு. வைஃபை இழுக்க மாட்டுது. அடுத்த வாரம் பேசுவோம்."

கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கூப்பிட்டேன். மீட்டிங் என்றான், காடி ஓட்டுறேன் என்றான், பிறகு கூப்பிடுகிறேன் என்றான். எனக்கும் அதை முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று இருந்தது. அப்பன் காரியத்தை ரோட்டில் போகிறவனிடம் கேட்பதுபோலக் கேட்கக்கூடாது.

ஐந்து ஞாயிறு இப்படிப் போயிற்று. நான் லேப்டாப்பைத்தான் திட்டினேன். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். வைஃபை பெட்டியைச் சாமி அலமாரியின் மேலே தூக்கி வைத்தேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் என்னோடு ஒரே எலக்ட்ரானிக் கம்பனியில் ஒரே லைனில் வேலை செய்தவள், என்னைவிட எட்டு வயது இளையவள்.

"என்னக்கா, வைஃபைக்கும் சூடம் காட்டுறீங்களா?"

"நீ சிரி. உன் மகன் உன் வீட்டுலயே இருக்கான்."

"இருக்கான். சோத்துக்கு மட்டும் ரூமை விட்டு வருவான். அவனுக்கும் எனக்கும் நடுவுல வைஃபையே தேவையில்ல." பிறகு அவள்தான் சொன்னாள், "லேப்டாப்பைக் கடையில காட்டுங்கக்கா. உள்ளே ஏதாச்சும் மாத்தலாம்."

நகரத்தில் கைப்பேசிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே மூன்றாம் மாடியில் ஒரு தமிழர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், தாடி நரைத்தவர். துணிப் பையில் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தேன். திறந்து பார்த்தார், எதையோ தட்டினார்.

"ஆன்ட்டி, லேப்டாப்பு நல்லாத்தான் இருக்கு. உள்ளே வயர்லெஸ் கார்டு ஒண்ணு இருக்கு, அது பழசு. அதுக்கு ஒரே ரோடுதான் தெரியும். உங்க ஃப்ளாட்டுல எத்தனை வீடு? எல்லா வீட்டு வைஃபையும் அதே ரோட்டுல போவுது. சாயந்தரம் ஆறு மணிக்கு நம்ம கடல் பாலம் ஜாமாவுமே, அது மாதிரி."

"அப்போ?"

"புதுக் கார்டுக்கு ரெண்டு ரோடு தெரியும். பழைய பாலம் ஜாம்னா ரெண்டாவது பாலத்துல ஏறிப் போயிரும். மாத்திட்டா ஸ்மூத்தா இருக்கும் லா. விட்டுட்டுப் போங்க, புதன்கிழமை வாங்க."

"கார்டை எங்கிட்டக் குடுங்க தம்பி. நானே மாத்திக்கிறேன்."

அவர் என் சேலையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ஆன்ட்டி, அதுல ஊசிமுனை மாதிரி ரெண்டு வயரு இருக்கு. உடைஞ்சா போச்சு."

நான் இருபத்து நான்கு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சின்னச் சில்லில் ஒட்டும் மெஷினில் உட்கார்ந்தேன், பிறகு நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் மேசைக்குப் போட்டார்கள். அங்கே என் கண்ணைத் தாண்டிக் கெட்டது வெளியே போனது கிடையாது. இதை அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தாடிக்காரர் பழைய லேப்டாப் ஒன்றைத் திருப்பி, மூடியைக் கழற்றி, எங்கே இருக்கிறது, எது முதலில், எது பிறகு என்று ஒரு தரம் காட்டினார். எனக்கு ஒரு தரம் போதும்.

சனிக்கிழமை காலை குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு மேசைக்கு வந்தேன். உட்கார்ந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய் விபூதியைத் துடைத்தது. கம்பனியில் அந்த அறைக்குள் நுழையுமுன் விபூதி, குங்குமம், பவுடர் எல்லாவற்றையும் துடைக்கச் சொல்வார்கள், ஒரு தூசி விழுந்தால் ஒரு தட்டு முழுக்கப் போய்விடும். வாசலில் ஈரத்துணியோடு லைன் லீடர் நிற்பாள். தினமும் சாமி கும்பிட்டுவிட்டு வந்து கம்பனி வாசலில் அழிப்போம், பஸ்ஸில் திரும்பும்போது முந்தானை முடிச்சில் இருந்து மறுபடி எடுத்துப் பூசுவோம். வேலையை விட்டுப் பதினான்கு வருடம் ஆகியும் கை மறக்கவில்லை.

மோதிரத்தைக் கழற்றினேன். உடம்பில் இருக்கும் கரண்டு கார்டில் இறங்கக்கூடாது என்று ஜன்னல் இரும்புக் கம்பியை ஒரு தடவை தொட்டேன். கம்பனியில் மணிக்கட்டில் பட்டை கட்டி விடுவார்கள், வீட்டில் அதற்கு எங்கே போவது. பேட்டரியை எடுத்தேன். ஸ்குரூக்களைக் கழற்றின வரிசையிலேயே ஒரு வெள்ளைத் தட்டில் அடுக்கினேன். மூடியைத் தூக்கினால் மூலையில் இருந்தது, பிஸ்கட்டில் பாதி அளவு. அதன் தலையில் கறுப்பு வயர் ஒன்று, வெள்ளை வயர் ஒன்று. வயர்களின் நுனியில் கடுகைப்போல ஒரு குமிழ். வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது, குமிழுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கினேன். ஸ்குரூவை எடுத்ததும் கார்டு தூங்கி எழுந்ததுபோலச் சாய்வாக எழும்பியது. உருவினேன். புதியதைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, ஸ்குரூவை விரல் நுனியால் சுற்றி, குமிழ்களை அதனதன் இடத்தில் வைத்து நகத்தால் அமுக்கினேன். இரண்டு தரமும் சின்னதாக ஒரு 'டிக்' கேட்டது. கண்தான் கொஞ்சம் கலங்கியது. எழுபத்தொரு வயதில் அது கலங்கட்டும்.

மூடிவிட்டுத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி மறுபடி அந்த மூன்றாம் மாடிக்குப் போனேன். தாடிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் தலையிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"ஆன்ட்டி, தப்பு என்னோடது லா. உங்க கை வேலை கரெக்டு. இந்த மாதிரிப் பழைய லேப்டாப்பு சிலது அதோட கம்பனி ஒத்துக்கிட்ட கார்டை மட்டும்தான் உள்ளே விடும். வேற கார்டு போட்டா ஸ்டார்ட்டே ஆவாது."

"கம்பனி கேட்டுல பாஸ் கேக்குற மாதிரி."

"அதேதான். பாஸ் உள்ள கார்டு தரேன்."

வேறு ஒன்று தேடி எடுத்துக் கொடுத்தார். கார்டுக்கு வேண்டியதைப் பென்டிரைவில் போட்டு, நான் கொடுத்த நம்பரில் எதிர்வீட்டுக்காரிக்கே போன் செய்து எதை எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் மறுபடி திறந்து, மறுபடி அடுக்கி, மறுபடி மூடினேன். எதிர்வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து இங்கிலீஷைப் படித்து அமுக்கினாள்.

"பென்ஷன் வாங்குற வயசுல நம்ம ரெண்டு பேரும் ஓவர்டைம் பார்க்குறோம்கா," என்றாள்.

"வாயை மூடிட்டு அமுக்கு. தும்மிறாதே."

வைஃபை அடையாளத்தில் எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. அவள் கோயில் நாதஸ்வர வீடியோ ஒன்றைப் போட்டாள். நிற்காமல், நடுங்காமல், ஊதுகிறவர் கன்னத்து நரம்புகூடத் தெரிகிற அளவுக்கு ஓடியது. பல வருடத்துக்குப் பிறகு நான் என் வேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாள் அது. மகனிடம் சொல்லவில்லை. நாளைக்குத் திதி பேச்சை முடித்துவிட்டு, கடைசியில், யார் மாற்றினது தெரியுமா என்று கேட்க நினைத்திருந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிட்டான். அவன் முகத்தை இவ்வளவு தெளிவாக நான் வீடியோவில் பார்த்ததே இல்லை. மீசை ஓரத்தில் இரண்டு நரை. பின்னால் சோபா, அதற்கு மேல் ஃபேன், ஜன்னலில் நீலத்திரை. சாப்பிட்டியா என்றேன், இட்லி என்றான். பேரப்பிள்ளை நீச்சல் கிளாசுக்குப் போயிருப்பதாகச் சொன்னான். அவன் குரல் பக்கத்து நாற்காலியில் இருந்து வருவதுபோல வந்தது.

"ஐயா," என்றேன், "அப்பாவோட திதிக்கு நாள் பார்த்துட்டேன். அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளி. நீ வருவியா?"

அவன் முகம் நின்றது. வாய் பாதி திறந்து, கண் ஒரே இடத்தைப் பார்த்தபடி.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? கார்டைச் சரியாகச் செருகவில்லையோ என்பதுதான். வெள்ளைக் குமிழ் கழன்றுவிட்டதோ என்று லேப்டாப்பின் அடிப்பக்கம் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் பார்த்தேன். அவன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நீலத்திரை காற்றில் உப்பி இறங்கியது. மறுபடி உப்பியது. அவன் மட்டும் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான், கழுத்துப் பக்கம் சட்டை கொஞ்சம் துடித்தது. பிறகு அவனால் முடியவில்லை, கண்ணை ஒரு தடவை சிமிட்டினான். சிமிட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி வைத்துக்கொண்டான்.

சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும், எனக்கு அது தெரியும். என் வயிற்றில் பிறந்தவன், நாற்பத்து மூன்று வயது, ஆபீசில் பத்துப் பேருக்கு மேலே இருப்பவன், என் முன்னால் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறான். அதை நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தால் அவன் முகத்தை நான் பிறகு எப்படிப் பார்ப்பேன் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று பிறகு என் மேலேயே கோபம் வந்தது. அவன் கை மெதுவாகப் பக்கத்தில் இருந்து ஊர்ந்து வந்தது. திரை கறுத்தது.

கைப்பேசியில் குரல் பதிவு வந்தது. "அம்மா, லைன் கட்டு லா. அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போடுங்க, ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த வாரம் பேசுவோம்."

நான்கு தடவை கேட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொல்கிறவன் குரல் மாதிரியே இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது.

அன்று முழுக்க என் தலையில் பழைய ஞாயிறுகள்தான். நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் மேசையில் தட்டு தட்டாக வருமே, அப்படி ஒவ்வொன்றாக வந்தது. முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றதெல்லாம் நிஜம், அது பழைய கார்டின் குற்றம். உடையாமல் நின்றது எத்தனை? முதல் வாரம் திதி என்று சொன்னபோது நின்றது எப்படி நின்றது? ஆஸ்பத்திரி செக்கப்புக்குத் துணைக்கு வருவாயா என்று போன வருடம் கேட்டபோது நின்றதே, அது? அப்போது நான் வைஃபை கம்பனிக்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். பாவம், அந்த ஆள் வந்து பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். எது நல்லது எது கெட்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. என் கண்ணைத் தாண்டி இத்தனை போயிருக்கிறது.

வரமாட்டேன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன். அது வேறு. என் கையில் இருந்த மெஷின் மேலே பழியைப் போட்டு, என்னையே அதை நம்ப வைத்து, நான் மேசையை நகர்த்தியதையும் பெட்டியைத் தூக்கி வைத்ததையும் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தானே.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள். "என்னக்கா, லைன் எப்படி? தம்பி அசந்துட்டாரா?"

"லைன் நல்லா இருக்கு," என்றேன்.

"பேசுனாரா?"

"பேசுனான்." கதவைச் சாத்திவிட்டேன். அப்படிச் சாத்துகிறவளா நான் என்று அவள் யோசித்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிட்டதும் நானே முதலில் பேசினேன். "ஐயா, திதிக்கு நீ வர வேண்டாம். அன்னைக்கு வேலை நாள். நானே கோயில்ல பேசிச் செஞ்சிக்கிறேன்."

அவன் முகம் நிற்கவில்லை. தோள் இரண்டும் இறங்கின. நெற்றிச் சுருக்கம் விரிந்தது. ஒரு சின்ன மூச்சு வெளியே வந்தது, அதுகூடக் கேட்டது. நல்ல கார்டு.

"அப்படியாம்மா? சாரி லா. இந்த வருஷம் கொஞ்சம் பிஸி. அடுத்த வருஷம் பார்ப்போம். லைன் இன்னைக்கு நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு."

யார் மாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் எனக்கு முன்னால் ஆறேழு குடும்பம் காத்திருந்தது. எல்லாரிடமும் வேட்டி கட்டிய ஓர் ஆண்பிள்ளை இருந்தான். என் முறை வந்தபோது ஐயர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர் கடல் தாண்டி ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர், என்னைத் தெரியாது.

"செய்யறது யாருங்கம்மா?"

"நான்தான்."

"பையன் இல்லீங்களா? இல்லாதவங்கன்னா சம்சாரம் செய்யலாம், பரவாயில்ல. அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும், அதுக்குக் கேக்கறேன்."

மண்டபத்தில் பேச்சு குறைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி தேங்காய்ப் பையோடு என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, தம்பி வேலையில் மாட்டிக்கொண்டார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். வேலை, லீவு, லைன் என்று ஏதாவது ஒன்றையும் சொல்லியிருக்கலாம். என் வீட்டில் பொய் சொல்ல ஓர் ஆள் இருப்பது போதும்.

"இருக்கான்," என்றேன். "கேட்டேன். வரலை."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் திரும்பவில்லை. ஐயர் இலையை நேராக்கிவிட்டு மனையைக் காட்டினார். உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க நேரம் ஆயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் தர்ப்பை மோதிரத்தை நீட்டினார். என் விரலுக்கு அது பெரியதாக இருந்தது. அவரே கழற்றி, இன்னொரு சுற்றுச் சுற்றி, முடிந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டார். சொன்னேன்.